நாற்காலியின் உயரம்

இன்டர்வியூவுக்கென்று அவளிடம் ஒரு சட்டை இருந்தது. சாம்பல் நிறம். கணவர் தைத்தது. காலர் உண்டு, ஆனால் கஞ்சி போட்டு நிமிர்ந்த காலர் இல்லை. நிமிர்ந்த காலரைப் பார்த்தால் இடத்தைப் பிடித்துக்கொள்ள வந்தவள் என்று நினைப்பார்கள். தொய்ந்த காலரைப் பார்த்தால் வேலை தெரியாதவள் என்று நினைப்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு காலர் வேண்டும் என்று அவள் கேட்டபோது கணவர் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தார்.

"கல்யாணச் சட்டை தைக்க வர்றவன்கூட என்கிட்ட இவ்வளவு நிபந்தனை போட்டதில்ல" என்றார். ஆனாலும் தைத்துக் கொடுத்தார்.

அவள் லேப் டெக்னீஷியன். ரத்தம், சிறுநீர், சளி ஆகியவற்றைப் பரிசோதித்து ரிப்போர்ட் கொடுக்கிறவள். ஆனால் எந்த லேபிலும் அவளுக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. யாராவது பிரசவத்துக்குப் போனால், யாராவது வழுக்கி விழுந்து எலும்பை முறித்துக்கொண்டால், அந்த நாற்காலியில் அவள் போய் உட்காருவாள். போனவர் திரும்பி வந்ததும் எழுந்துகொள்வாள். பெரும்பாலும் மூன்று மாத ஒப்பந்தம். அதனால் அவளுடைய நாத்தனார் அவளுக்கு 'மூணுமாசம்' என்று பட்டம் வைத்திருந்தாள்.

"என்ன அண்ணி, மறுபடியும் மூணுமாசமா?" என்று தெருவிலிருந்தே கேட்டுக்கொண்டு வருவாள். அக்கம்பக்கத்தார் திரும்பிப் பார்ப்பார்கள். கல்லூரிக்குப் போகிற மகளை வைத்துக்கொண்டு இது என்ன கூத்து என்று அவர்கள் முகத்தில் ஓடும்.

"ஆமா. இந்தத் தடவையும் பிரசவம் வேற ஒருத்திக்குத்தான்" என்பாள் இவள்.

நிரந்தர வேலையில் இருப்பவருக்கு ஆயுளில் ஒன்றோ இரண்டோ இன்டர்வியூ. அதையே பேரன் பேத்தி காலம்வரை சொல்லிக்கொண்டிருப்பார். இவளுக்கு ஒவ்வோர் ஒப்பந்தம் முடிந்ததும் ஒன்று. கிடைக்காவிட்டால் இன்னொன்று. வேலை சின்னது என்பதற்காகக் கேள்வி சின்னதாகிவிடுவதில்லை. மூன்று மாதத்துக்கு வருகிறவளிடமும் முப்பது வருஷத்துக்கு வருகிறவளிடம் கேட்பதையே கேட்பார்கள். ஆகவே இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவிலுள்ள நாட்கள் அவளுக்கு ஓய்வு நாட்கள் அல்ல. தயாராகும் நாட்கள்.

முதலில் அந்த லேபில் எந்தக் கம்பெனி மெஷின் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கம்பெனிக்காரன் பொத்தானை வலப்பக்கம் வைத்திருப்பான், இன்னொருவன் மூடிக்குள் ஒளித்து வைத்திருப்பான். ஆள் இல்லாத இடத்துக்கு வருகிறவள் முதல் நாளே தடுமாறினால், இரண்டாம் நாள் வேறொருத்தியைத் தேடுவார்கள். தொலைபேசியில் கேட்டால் சொல்ல மாட்டார்கள். அதனால் அவள் நோயாளியாகவே போவாள். சர்க்கரை பார்க்கணும் என்று சீட்டு வாங்கி, ரத்தம் எடுக்கும் அறையில் கையை நீட்டிக்கொண்டு, பாதி திறந்த கதவு வழியாக உள்ளே நோட்டம் விடுவாள். மெஷினின் நிறத்தையும் மூடியையும் பார்த்தாலே கம்பெனி தெரிந்துவிடும்.

"உனக்குச் சர்க்கரை இல்லேன்னு ஊர்ல இருக்கிற அத்தனை லேபும் எழுதிக் கொடுத்தாச்சு" என்று கணவர் சிரிப்பார். "வேற ஏதாவது வியாதியை மாத்திப் பாரேன்."

அடுத்தது பதில்கள். அவற்றை அவள் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்தாள். ஏன் நிரந்தர வேலைக்குப் போகவில்லை என்று கேட்டால், "வீட்டுச் சூழ்நிலை, சார்." அதற்குமேல் ஒரு சொல் கூடாது. மகள் பிறந்தபோது ஒரு நல்ல வேலையை விட்டதையும், திரும்பப் போனபோது அங்கே வேறொருத்தி உட்கார்ந்திருந்ததையும் சொன்னால், குறைப்பட்டுக்கொள்கிறவள் என்று ஒதுக்கிவிடுவார்கள். இங்கே எதையாவது மாற்ற வேண்டும் என்று தோன்றினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "இருக்கிறதை இருக்கிறபடியே நடத்திடுவேன், சார்." எவ்வளவு நாள் இருப்பீர்கள் என்று கேட்டால், "உங்களுக்குத் தேவைப்படுற வரைக்கும், சார்."

வேலை வாங்கிக் கொடுப்பது இந்தக் கடைசிப் பதில்தான். அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவரின் தோள் தளர்வதை அவள் எத்தனையோ அறைகளில் பார்த்திருக்கிறாள். கூப்பிட்டால் வருவாள், போகச் சொன்னால் போவாள், வாசலில் நின்று அழ மாட்டாள் என்று அவர்களுக்கு நிம்மதி.

இந்தப் பாடத்தை அவள் முதல் ஒப்பந்தத்திலேயே படித்துவிட்டாள். அப்போது வேகம் இருந்தது. பிரசவத்துக்குப் போன பெண்ணின் அலமாரியை ஒழுங்குபடுத்தி, சாம்பிள் வரிசையை மாற்றி, சாயங்காலம்வரை இழுத்த வேலையை மதியத்துக்குள் முடித்துக் காட்டினாள். எல்லாரும் பாராட்டினார்கள். குழந்தை பெற்றுத் திரும்பிய பெண் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுப் படாரென்று சாத்தினாள்.

"ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய விரட்டிச்சாம். இடத்தைப் பாத்துக்கன்னுதானே சொன்னாங்க? பட்டா போட்டுக்கச் சொன்னாங்களா?"

அந்த லேபிலிருந்து பிறகு அவளுக்கு அழைப்பு வரவில்லை.

அதிலிருந்து அவள் தடம் விடுவதில்லை. அவள் உயரமானவள். நாற்காலியைத் தூக்கி வைத்துக்கொண்டால்தான் முழங்கால் மடங்கி வலிக்காமல் உட்கார முடியும். ஆனால் எந்த லேபிலும் முதல் நாள் காலையில் அவள் செய்யும் முதல் வேலை, நாற்காலித் தண்டில் வெள்ளை நாடாத் துண்டு ஒன்றை ஒட்டுவது. அது உரியவரின் உயரம். பகலெல்லாம் தனக்கேற்றபடி உயர்த்திக்கொள்வாள். சாயங்காலம் கிளம்பும்போது நாடாவுக்கு இறக்கிவிட்டுப் போவாள். மைக்ரோஸ்கோப்பின் இரண்டு கண்குழாய்களுக்கும் இடையிலுள்ள தூரம் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதையும் உரியவருடைய அளவுக்கே திருப்பி வைப்பாள். உரியவரின் தேநீர்க் கோப்பை எந்தப் பக்கம் பார்த்துக் கவிழ்ந்திருந்ததோ அந்தப் பக்கமே கவிழ்ந்திருக்கும். கடைசி நாளில் நாடாவை உரித்து, பசையைத் துடைத்துவிடுவாள்.

திரும்பி வந்தவர் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அட, யாருமே உக்காரலை போல இருக்கே" என்பார். அதைவிடப் பெரிய நற்சான்று அந்தத் தொழிலில் இல்லை.

ஊர் நடுவில் இருந்த பெரிய லேபில் மூத்த டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். தடித்த கண்ணாடி போட்டவர். எல்லாரும் கண்ணாடியம்மா என்றே கூப்பிடுவார்கள். அவருக்குக் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை நடந்தபோதும், பிறகு கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தபோதும், அவர் மகன் கல்யாணத்தின்போதும் அந்த நாற்காலியில் இவள்தான் உட்கார்ந்தாள். அவர் ஒரு நாள் காலையில் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நெட்டை, நான் வேலைய எழுதிக் கொடுத்துட்டேன்."

"எப்போ திரும்பி வர்றீங்க, அக்கா?"

"நல்லா கேட்ட போ! எழுதிக் கொடுத்துட்டேங்கிறேன், எப்போ வர்றீங்கங்கிற. மகன்கூடப் போறேன்டி. இனிமே அந்த மைக்ரோஸ்கோப்பை நான் தொடவே மாட்டேன். ஆள் எடுக்கப் போறாங்க. நிரந்தரம். நாடாவைக் கிழிச்சுப் போட்டுட்டு நீயே உக்காரு."

அவள் நாடா ஒட்டுவது கண்ணாடியம்மாவுக்குத் தெரிந்திருந்தது என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

நிரந்தர வேலைக்கு வயது வரம்பு உண்டு. அடுத்த பிறந்த நாளோடு அவளுக்கு அது முடிகிறது. அதற்குப் பிறகு எந்த லேபும் அவளை நிரந்தரத்துக்குக் கூப்பிட முடியாது. இது கிடைத்தால் உண்டு. இல்லாவிட்டால் கை நடுங்கி ஸ்லைடு பிடிக்க முடியாமல் போகும்வரை அடுத்தவர் நாற்காலிதான். வீட்டில் மூன்று பேருக்கும் இது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முன்னறைதான் கணவரின் தையல் கடை. துணி வெட்டும் மேசையின் மறுபக்கத்தில் மகள் அப்பாவின் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு அதிகாரியாக உட்கார்ந்தாள். கையில் தையல் மர ஸ்கேல்.

"அம்மா, இந்தத் தடவை நீ போகப்போறவ இல்ல. இருக்கப்போறவ. அந்த மாதிரி பேசணும். சரியா? ம்... சொல்லுங்க, இங்க எதை மாத்துவீங்க?"

"இருக்கிறதை இருக்கிறபடியே..."

ஸ்கேல் மேசையில் பட்டென்று விழுந்தது.

"அந்த லேப்ல மாத்த வேண்டியது ஒண்ணுமே இல்லையா? நீயே வந்து புலம்பியிருக்க."

இருந்தது. ரத்தத்தை மெல்லிய படலமாகத் தேய்த்த ஸ்லைடுகளைக் காயவைக்கும் தட்டு அங்கே கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. யாராவது குழாயைத் திறந்தால் துளி தெறிக்கும். ஈரம் பட்டால் செல்கள் உருமாறித் தெரியும். மூன்று முறை அங்கே இருந்தபோதும் அவள் அதைச் சொல்லவில்லை. நடுவில் ஒரு துண்டை மடித்து நிறுத்தி வைத்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்த அன்று அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஸ்லைடு தட்டை மாத்தலாம்னு..."

"மாத்தலாம்னு இல்ல. மாத்துவேன். கெஞ்சாத."

"ஆட்சியவே மாத்தப்போற மாதிரி சொல்லும்மா" என்றார் கணவர், மெஷினை நிறுத்தாமல்.

"தட்டை மாத்துவேன்" என்றாள் அவள்.

"அப்படி! அடுத்தது. எவ்வளவு நாள் எங்களோட இருப்பீங்க?"

"உங்களுக்குத் தேவைப்..."

மறுபடியும் ஸ்கேல்.

"ரிட்டையர் ஆகுற வரைக்கும். சொல்லு."

"ரிட்டையர்..." என்று தொடங்கிச் சிரித்துவிட்டாள். யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் நுழைந்து கட்டிலில் படுத்துக்கொள்வதுபோல இருந்தது அவளுக்கு. மகள் சிரிக்கவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதும், துணி உலர்த்தும்போதும், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றும் திடீர் திடீரென்று கேட்டாள். நாலைந்து நாளில் அந்தச் சொல் இடறாமல் வர ஆரம்பித்தது. ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் எழுப்பிக் கேட்டபோதும் சரியாக வந்தது. மகள் ஸ்கேலை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

நாத்தனார் வந்திருந்தாள். "என்ன அண்ணி, நிரந்தரமாமே? அப்ப நான் வேற பட்டம் தேடணுமா?"

"தேடு. இந்தத் தடவை கொஞ்சம் நீளமானதா வை."

இன்டர்வியூவுக்கு முந்தைய நாள் சாம்பல் சட்டையைத் தேடினால் காணவில்லை. கணவர் அதன் காலரைப் பிரித்து, உள்ளே கெட்டியான கான்வாஸ் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"குத்துமே" என்றாள்.

"குத்தட்டும். அப்பத்தான் ஞாபகம் இருக்கும்."

லேபின் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் சிலர் காத்திருந்தார்கள். எல்லாரும் இளையவர்கள். பக்கத்தில் ஒரு குள்ளமான பெண், கால் தரையில் எட்டாமல் ஆட்டிக்கொண்டு, கைபேசியில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உள்ள ரொம்ப நேரம் ஆகுமா?"

"தெரியலம்மா. நானும் இன்டர்வியூவுக்குத்தான்."

"ஐயோ, ஸாரிக்கா! வந்ததும் தண்ணி கேனை நேரா வச்சு, லைட்டை அணைச்சீங்களா... இங்க வேலை பாக்கிறவங்கன்னு நெனச்சுட்டேன்."

உள்ளே இரண்டு பேர். லேபின் தலைமை டாக்டர், நரைத்த மீசைக்காரர், அவளை மூன்று முறை ஒப்பந்தத்தில் எடுத்தவர். பக்கத்தில் நிர்வாக அதிகாரி, புதிதாக வந்த பெண், கையில் அச்சடித்த கேள்விகள்.

"வாங்க, வாங்க. இவங்க நம்ம வீட்டு ஆள்" என்றார் டாக்டர்.

முதல் கேள்விகள் எளிது. மாற்ற வேண்டியது என்ன என்று அதிகாரி கேட்டார். காலர் கழுத்தில் குத்தியது.

"ஸ்லைடு காயவைக்கிற தட்டை மாத்துவேன், மேடம். தொட்டிக்குப் பக்கத்துல இருக்கக் கூடாது. தண்ணி தெறிச்சா செல் உருமாறித் தெரியும். ஜன்னல் பக்கம் வைக்கணும்."

அதிகாரி தலையசைத்துக் குறித்துக்கொண்டார். டாக்டர் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மூணு தடவை இங்க இருந்தீங்களே, அப்ப ஏன் சொல்லல?"

"அப்ப நான் இடத்தைப் பாத்துக்கத்தான் சார் வந்தேன். இப்ப வேலைக்கு வந்திருக்கேன்."

இந்தப் பதிலை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாக வந்தது. மகள் கேட்டிருந்தால் ஸ்கேலைத் தூக்கிப் போட்டுக் கைதட்டியிருப்பாள்.

பிறகு செய்முறைச் சோதனை. கண்ணாடியம்மாவின் பழைய மேசையிலேயே ஒரு ஸ்லைடு வைத்திருந்தார்கள். டாக்டரும் அதிகாரியும் கதவருகில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் நாற்காலியை உயர்த்தினாள், கண்குழாய்களைத் தன் அளவுக்கு விரித்தாள், பார்த்தாள், வெள்ளை அணுக்களை வகை பிரித்து எண்ணினாள், முடிவை எழுதினாள். இதெல்லாம் அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. எழுதி முடித்ததும் கண்குழாய்களைப் பழைய தூரத்துக்குத் திருப்பினாள். நாற்காலியைக் கண்ணாடியம்மாவின் உயரத்துக்கு இறக்கினாள். மேசையைத் துடைத்தாள். நாற்காலியை உள்ளே தள்ளினாள். அதுவும் மூச்சு விடுவது மாதிரிதான். செய்தது அவளுக்கே தெரியவில்லை.

"பாத்தீங்களா மேடம்? கை பட்ட அடையாளமே இருக்காது" என்றார் டாக்டர் அதிகாரியிடம்.

திரும்பி அறைக்கு வந்து உட்கார்ந்தார்கள். அதிகாரி தாளின் கடைசி வரிக்கு வந்துவிட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. தாளைப் பார்த்துக்கொண்டே, குரலில் ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார்.

"வேலை கிடைச்சா எவ்வளவு நாள் எங்களோட இருப்பீங்க?"

"உங்களுக்குத் தேவைப்படுற வரைக்கும், மேடம்."

சொன்ன பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது. எத்தனையோ அறைகளில் சொன்ன அதே குரல், அதே பணிவு, கடைசியில் அதே சின்னச் சிரிப்பு. எதிரில் இருந்த டாக்டரின் தோள் தளர்ந்ததைப் பார்த்தாள். எப்போதும் வேலை கிடைத்துவிட்டது என்பதற்கான அடையாளம் அது.

"அதாவது மேடம், நான் சொல்ல வந்தது..."

"போதும், நன்றி. முடிவைச் சொல்லி அனுப்புறோம்" என்று அதிகாரி தாளை மூடினார். அடுத்தவரை வரச் சொன்னார்கள். கால் ஆட்டிக்கொண்டிருந்த பெண் கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டில் மகள் கேட்டாள், "கடைசிக் கேள்விக்கு?"

"சரியாத்தான் சொன்னேன்" என்றாள். காலர் பட்ட இடம் கழுத்தில் சிவந்திருந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரிட்டையர் ஆகுற வரைக்கும். அடுப்படியில், மாடிப்படியில், பேருந்தில். இடறவே இல்லை. தேர்வு முடிந்த பிறகு விடை அருவியாகக் கொட்டியது.

டாக்டர் தானே கூப்பிட்டார். நேரில் வரச் சொன்னார். முன்பெல்லாம் நிற்கவைத்தே பேசுகிறவர், அன்றைக்கு உட்காரச் சொன்னார். அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அந்தச் சின்னப் பொண்ணை எடுத்திருக்கோம். ஆனா அது பழைய இடத்துல நோட்டீஸ் கொடுத்து வெளிய வரணும். மூணு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் நீங்க வந்து பாத்துக்கணும்."

அவள் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் எந்த இன்டர்வியூவுக்குப் பிறகும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"என்கிட்ட என்ன குறை, சார்?"

"குறையா?" டாக்டர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "உங்ககிட்டயா? நல்லா இருக்கே கதை. அந்தப் பொண்ணு ஸ்லைடைத் தப்பா எண்ணிச்சு. ஆனா பழகிக்கும், சின்ன வயசு. நீங்க வேற. இத்தனை வருஷத்துல லீவுக்கு எத்தனை பேரைக் கூப்பிட்டுப் பாத்திருப்பேன்? ஒருத்தி அலமாரியக் கலைச்சுப் போடுவா, ஒருத்தி போகமாட்டேன்னு அழுவா. உங்களை மாதிரி ஒரு ஆள் கிடைக்காது. உங்களை நிரந்தரத்துல போட்டுட்டேன்னு வைங்க, நாளைக்கு யாராவது லீவுல போனா நான் யாரைக் கூப்பிடுவேன்?"

அவள் பேப்பர் வெயிட்டைக் கையில் எடுத்து, மறுபடியும் இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"நீங்களே சொன்னீங்களே, தேவைப்படுற வரைக்கும்னு. எங்களுக்கு நீங்க எப்பவுமே தேவைப்படுவீங்க." அவர் முகத்தில் கபடமே இல்லை. பாராட்டிக்கொண்டிருந்தார்.

எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் மூன்று மாதம் என்றால் மூன்று மாதம். வேறு எந்த லேபிலும் அப்போது யாரும் பிரசவத்துக்குப் போகவில்லை.

"எப்ப சார் வரணும்?"

"திங்கள்கிழமை வந்திடுங்க. ஒப்பந்தத்துக்கு ஆள் எடுத்தாலும் ஒரு இன்டர்வியூ வச்சாகணும்னு விதி. இப்பவே மேடம் நாலு கேள்வி கேப்பாங்க, சும்மா பேருக்கு."

மேடம் கேட்டார். அதே அறை, அதே தாள். எதையாவது மாற்றுவீர்களா? இருக்கிறதை இருக்கிறபடியே நடத்திடுவேன், மேடம். எவ்வளவு நாள் இருப்பீர்கள்? உங்களுக்குத் தேவைப்படுற வரைக்கும், மேடம். எல்லாப் பதிலும் சரி. அதிகாரி மகிழ்ச்சியோடு கை குலுக்கினார்.

வீட்டில் மகள் கத்தினாள். "போகாதம்மா! அவங்க மூஞ்சில அடிச்ச மாதிரி முடியாதுன்னு சொல்லு."

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டு... சும்மா இரு. கொஞ்ச நாள் சும்மா இருந்தா என்ன?"

"சும்மா இருக்கிறதுக்கும் ஒரு நாற்காலி வேணும்ல" என்றாள் அவள். பிறகு சாம்பல் சட்டையைக் கணவர் பக்கம் நகர்த்தினாள். "இந்தக் கான்வாஸை எடுத்துடுங்க."

"இருக்கட்டுமே."

"குத்துது."

அவர் தையல் பிரிக்கும் கத்தியை எடுத்து ஒவ்வொரு தையலாக அறுத்தார். அதைச் செய்யும்போது எந்தக் கேலியும் அவருக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். செய்தி தெரிந்திருந்தது. 'மூணுமாசம்' என்று கூப்பிடவில்லை. "அண்ணி, சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதுதான் எல்லாவற்றையும்விடச் சுட்டது.

திங்கள்கிழமை வழக்கம்போல வெள்ளை நாடாத் துண்டை ஒட்டினாள். சாயங்காலம் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, நாற்காலியை இறக்கக் கைப்பிடியில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். யாருக்காக இறக்குவது? கண்ணாடியம்மா வரப்போவதில்லை. வரப்போகிறவள் இன்னும் உட்கார்ந்ததே இல்லை.

கையை எடுத்துக்கொண்டாள். நாடாவை உரித்தாள். முந்தைய வருஷங்களில் துடைத்தும் போகாத பசை மெல்லிய கோடாகத் தண்டில் இருந்தது. அதையும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் தேய்த்து எடுத்தாள். கண்குழாய்களைத் தன் அளவிலேயே விட்டாள். மறுநாள் ஸ்லைடு தட்டை யாரையும் கேட்காமல் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்தாள். எதிர் மேசைக்காரர் அந்தப் பக்கமாகவே போய் வந்துகொண்டிருந்தார். எதையும் கவனிக்கவில்லை. டாக்டரும் கவனிக்கவில்லை. அந்த லேபில் அவள் இருந்த நாட்களிலேயே சாயங்காலம் எதையும் இறக்கி வைக்காமல் வீடு திரும்பிய நாட்கள் அவைதான்.

புதிய பெண் வந்த அன்று, ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைக்கக் கடைசி நாளாக அவளும் போனாள். சாவிகளைக் காட்டினாள். மெஷின் காலையில் முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஒரு முறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று சொன்னாள். அந்தப் பெண் நல்ல பெண். ஒவ்வொன்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்றாள்.

"இந்தத் தட்டு ஏன்க்கா இவ்வளவு தூரத்துல இருக்கு? இங்க இருந்தா கைக்கு எட்டும்ல" என்று ஸ்லைடு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து தொட்டிப் பக்கம் வைத்தாள்.

"அங்க வச்சா தண்ணி தெறிக்கும்மா."

"அப்படியா? டாக்டர்கிட்ட கேட்டுக்கிறேன்க்கா."

பிறகு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். கால்கள் தரைக்கு எட்டாமல் தொங்கின. கைப்பிடியைத் தேடித் துழாவி அழுத்தினாள். நாற்காலி உஸ்ஸென்று காற்றை விட்டுக்கொண்டு கீழே இறங்கி நின்றது.

"அம்மாடி, எவ்வளவு உயரம்! யாருக்கா இப்படி ஏத்தி வச்சது?"

அவள் தன் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரியலம்மா" என்றாள். "முன்னாடி இருந்தவங்களா இருக்கும்."